கள்ளக்குறிச்சியில் செய்த மூளை

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் என்றால் ஜாதகம் என்று அர்த்தம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒருவர் 'கம்ப்யூட்டர் ஜாதகம் கணிக்கப்படும்' என்று போர்டு மாட்டியிருந்தார். எங்கள் பட்டறை வாசலில் 'இங்கு கம்ப்யூட்டர்கள் தயாரிக்கப்படும்' என்று எழுதியிருந்தோம். அவ்வளவுதான், வாரத்துக்கு ஒருவராவது பிள்ளை பிறந்த நேரத்தைச் சீட்டில் எழுதிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள். ஜாதகம் பார்ப்பதில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போகும். ஒரு அம்மா மட்டும் விடவே இல்லை.

"அப்ப இன்னாத்துக்குமா போர்டு வெச்சிகினு இருக்கீங்க?" என்று கேட்டார்.

எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. "உங்க பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம் ஆயிடும், போங்க" என்று சொல்லி அனுப்பினேன். ஆகிவிட்டது. அந்த அம்மா தேங்காய் பழத்தோடு வந்து நின்றபோது, வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வாங்கிக்கொண்டேன்.

பட்டறையில் மொத்தமே மூன்று பேர். அக்கா, அவருடைய வீட்டுக்காரர், நான். அக்கா எனக்குக் கூடப்பிறந்தவர் இல்லை, ஆனால் அப்படித்தான் கூப்பிடுவேன். பெங்களூரில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் வடிவமைப்பு வேலை பார்த்தவர். கல்யாணமாகி இங்கே வந்தார். வீட்டுக்காரர் குடும்பத்துக்கு நெல் மண்டி இருந்தது. மண்டியின் பின்பக்கக் கிடங்கைக் காலி செய்து அதில் மேஜை போட்டு, "நான் இங்கயே மிஷின் செய்யறேன்" என்று அக்கா ஆரம்பித்துவிட்டார். வெளி வேலையெல்லாம் அவர் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். அவரை மாமா என்பேன். நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வடக்கனந்தலில் இருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனேன். கம்பி இணைப்பது, ஈயத்தை உருக்கிப் பற்றவைப்பது, வருகிறவர்களிடம் சத்தம் போடுவது எல்லாம் என் வேலை. நான் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொள்கிறேன் என்று என் அப்பா கடைசி வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டர் என்றதும் திரையும் விசைப்பலகையும் நினைக்க வேண்டாம். நாங்கள் செய்தது டிரங்குப் பெட்டி அளவுக்கு ஒரு தகரப் பெட்டி. சொல்லிக்கொடுத்த ஒரு வேலையை மட்டும் அலுக்காமல் செய்யும். ஜவ்வரிசி ஆலைக்கு ஒன்று செய்து கொடுத்தோம், வறுக்கிற நேரத்தை அது கவனித்துக்கொள்ளும். அந்தப் பெட்டிக்குள் கறுப்பு கறுப்பாகச் சில்லுகள் இருக்கும், இரண்டு பக்கமும் வரிசையாகக் கால்களோடு. பார்த்தால் பூரான் மாதிரியே இருக்கும். அதனால் பட்டறையில் அவற்றுக்குப் பூரான் என்றே பெயர். சின்னப் பூரான் ஒவ்வொன்றும் ஒரு சின்ன வேலை தெரிந்தது. ஒன்று கூட்டும், ஒன்று எண்ணை நினைவில் வைத்திருக்கும், ஒன்று வழி விடும். பெரிய பூரான் பெட்டிக்கு ஒன்றுதான். அதுதான் புராசஸர், மிஷினின் மூளை.

அந்த மூளை மட்டும் எங்களுடையது இல்லை. எங்கேயோ வெளிநாட்டில் செய்து, சென்னையில் ஒரு ஏஜெண்ட் கைக்கு வந்து, அவர் மனசு வைத்தால் எங்களுக்கு வரும். அதற்குப் புரிகிற கட்டளைகளையும் செய்தவர்களே முடிவு செய்திருப்பார்கள். அதற்கு ஏற்ற மாதிரி நாங்கள் வளைந்து கொடுக்க வேண்டும். "மாமியார் வூட்டுக்குப் போன மாதிரி இருக்குது" என்று அக்கா முணுமுணுப்பார்.

இப்படி இருக்கும்போது ஒரு சர்க்கரை ஆலையிலிருந்து எங்களுக்கு வேலை வந்தது. அரவை தொடங்கிவிட்டால் ஆலை யார்டில் மாட்டு வண்டியும் டிராக்டருமாகக் கரும்பு ஏற்றிக்கொண்டு வந்து நிற்கும். எடை மேடைக்கு அடுத்து யார் போவது என்பதில் தினமும் அடிதடி. டோக்கன் கொடுத்தாலும், கூப்பிட்ட நம்பர் காதில் விழவில்லை என்று குறுக்கே ஒருவர் மாட்டை ஓட்டிவிடுவார். அதனால் யார்டு முழுவதும் தெரிகிற மாதிரி, பல்புகளால் அடுத்த நம்பரைக் காட்டுகிற ஒரு மிஷின் வேண்டும் என்றார்கள். அரவை தொடங்கும் நாளில் அது ஓட வேண்டும். நாங்கள் சந்தோஷமாக ஒத்துக்கொண்டோம்.

ஒத்துக்கொண்ட பிறகு ஏஜெண்டுக்கு டிரங்க் கால் போட்டால், பெரிய பூரான் இல்லை என்கிறார். "பெரிய கம்பெனிங்க மொத்தமா எடுத்துகினு போயிடறாங்க. உங்கள மாதிரி ஒண்ணு ரெண்டு கேக்கறவங்களுக்கு இனிமே கஷ்டம்" என்றார்.

மாமா போனை வைத்துவிட்டு ஒரு நெல் மூட்டை மேல் உட்கார்ந்தார். நல்ல மனுஷர், ஆனால் பயந்த சுபாவம். "போதும்மா" என்றார் அக்காவிடம். "உன்ன இங்க கூட்டியாந்து நான்தான் வீணடிக்கறேன். பெங்களூருல உன் வேல இன்னும் காத்துகினு கெடக்குது. கூட்டாளிகிட்ட சொல்லி அங்க ஒரு வூடு கூட பாத்து வெச்சிருக்கேன். இந்த ஆலை மிஷின் ஓடுச்சுன்னா இங்கயே இருக்கலாம். ஓடலன்னா மூடிட்டு, தையில பெங்களூரு."

அக்கா மேஜை மேல் கிடந்த கம்பிகளைச் சுருட்டி வைத்தார். பிறகு "சரி" என்றார்.

எனக்கு அந்தப் பட்டறை என்றால் உயிர். ஈயம் உருகுகிற வாசனையில் காலை தொடங்கினால் அன்றைக்கு முழுக்க எனக்குப் பசி தெரியாது. வீட்டில் நான் வாய்த்துடுக்குப் பெண், பஸ்ஸில் முறைக்கிற பெண். அந்தக் கிடங்கில் மட்டும்தான் என் கைக்கு ஒரு மதிப்பு இருந்தது. அதை மூடிவிட்டால் நான் எங்கே போவேன் என்று நினைத்ததும் எல்லார் மேலும் கோபம் வந்தது. பாவம், அந்த நேரத்தில் ஜாதகத்தோடு வந்த ஒருவர் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் நான் உள்ளே நுழைந்தபோது அக்கா தரையில் பெரிய காகிதம் விரித்து, அதன் மேலேயே உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார்.

"மூளைய நாமளே செஞ்சிக்கலாம்" என்றார்.

"அக்கா, ஜுரமா?" என்றேன்.

"இல்லடி. பெரிய பூரானுக்குள்ள இருக்கறதும் சின்னச் சின்ன வேலைதான. கூட்டறது, நெனப்புல வெக்கறது, வழி வுடறது. அத்தனையும் ஒரு பூரானுக்குள்ள அடைச்சி வெச்சிருக்கான். நாம சின்னப் பூரான வெச்சிப் பரப்பிச் செய்வோம். பெருசா இருக்கும், மெதுவா ஓடும். மாட்டு வண்டிக்கு நம்பர் காட்ட இன்னா அவசரம்?"

வண்டிமாட்டை விட வேகமாக ஓடினால் போதும் என்கிற ஒரு கம்ப்யூட்டரை உலகத்தில் வேறு யாரும் திட்டம் போட்டிருக்க மாட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பிலேயே தைரியமும் வந்துவிட்டது.

சொந்த மூளை என்றதும் கட்டளைகளுக்கும் சொந்தப் பெயர் வைத்தோம். எடு, வையி, கூட்டு, போ. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அடுத்த பொத்தானுக்குக் காத்திருக்க வேண்டும் என்றால், குந்து. அக்கா முதலில் 'நில்' என்றுதான் எழுதினார். நில் என்றால் நின்றுகொண்டே இருக்கும், கால் வலிக்கும், குந்து என்றே சொல்லுங்கள் என்று நான்தான் மாற்றினேன். மிஷினின் நினைவில் இருந்ததே கையளவு இடம். அதில் டிஸ்ப்ளேவுக்கு எவ்வளவு, எண்ணிக்கைக்கு எவ்வளவு என்று தினமும் எங்களுக்குள் தகராறு. அதற்கு நாங்கள் வைத்த பெயர் இட ஒதுக்கீடு. அந்த வார்த்தை அப்போது எல்லார் வாயிலும் இருந்தது.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் சூடாக நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. படிப்பிலும் வேலையிலும் எங்களுக்கு உண்டான பங்கு எங்கே என்று ஜனங்கள் ரோட்டில் இறங்கிக் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எங்கள் பக்கம் ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளிவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. சில வீடுகளில் இழவும் விழுந்தது. நான் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன் என்பதற்காக அதையும் லேசாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. அந்த நாட்களில் பட்டறைக்கு வயல் வரப்பு வழியாக யாராவது சைக்கிளில் கொண்டுவந்து விட்டால்தான் நான் வர முடியும். வந்தேன்.

மறியல் தொடங்குவதற்கு முந்தின நாள்தான் மாமா சேலத்துக்குப் போயிருந்தார். சின்னப் பூரான் எங்களுக்கு நிறைய வேண்டியிருந்தது, சேலத்தில் ரேடியோ சாமான் கடையில் கிடைக்கும். வாங்கப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். ஆத்தூர் ரோடும் அடைத்துக் கிடந்தது. அரவைக்கு நாள் நெருங்கியது. அக்கா வரைந்துகொண்டே இருந்தார், நான் வெறும் பலகையில் துளை போட்டுக்கொண்டிருந்தேன். சமையல்காரி இருக்கிறாள், அடுப்பு இருக்கிறது, அரிசி மட்டும் இல்லை என்கிற நிலைமை.

ஒரு மத்தியானம் கிடங்கு வாசலில் தாடியோடு ஒரு ஆள் வந்து நின்றார். அறுந்த செருப்பைக் கையில் பிடித்திருந்தார், தோளில் ஒரு சாக்கு. ஜாதகக்காரர் என்று நினைத்து, "இங்க பாக்கறதில்ல" என்று விரட்டப் போனேன். முகத்தை உற்றுப் பார்த்தால் மாமா.

ரோடு இல்லை என்றதும் மனுஷர் மலை ஏறிவிட்டார். சேலத்துப் பக்கமிருந்து கருமந்துறை வரைக்கும் கிடைத்த வண்டியில் வந்து, அங்கிருந்து மலைக்காரர்கள் நடக்கிற தடத்திலேயே கல்வராயன் மலையைக் குறுக்காகக் கடந்து, வெள்ளிமலை வந்து, கச்சிராயபாளையம் பக்கம் இறங்கியிருக்கிறார். சாக்கைப் பிரித்தால் மலையில் விளைந்த கடுக்காய், ஒரு பாட்டில் தேன், ஒரு சின்ன மூட்டையில் சாமைத் தானியம். சாமைக்குள் புதைத்து, அத்தனை பூரான்களும்.

"வழியில ஒரு வூட்டுல தங்கினேன்" என்றார். "அந்த வூட்டு மனுஷரு இதப் பாத்துட்டு, இது இன்னா பூச்சிங்க, கடிக்குமான்னு கேட்டாரு. கடிக்காதுங்க, கணக்குப் போடும்னேன். அப்படின்னா அடி படாம எடுத்துகினு போங்கன்னு சாமைய அவருதான் கொட்டிக் குடுத்தாரு."

எனக்கு ஒரு கேள்வி இருந்தது, வாயை அடக்க முடியவில்லை. "ஏன் மாமா, மூடணும்னு சொன்னதே நீங்கதான. அப்பறம் எதுக்கு மலையெல்லாம் ஏறிகினு?"

மாமா பாதத்தில் குத்திய முள்ளைத் தேடிக்கொண்டே சொன்னார்: "என் பொண்டாட்டி தோத்தா அவளா தோக்கட்டும். சாமான் வரலன்னு தோக்கக் கூடாது."

அக்கா உள்ளே போய்க் குண்டூசி எடுத்துவந்து, அவர் காலை மடியில் வைத்து முள்ளை எடுத்தார். எனக்கு அவர்கள் இரண்டு பேரையும் அவ்வளவு பிடித்துப்போயிற்று. அந்த மனுஷனைப் பயந்தாங்கொள்ளி என்று இனி யாராவது சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

பூரான் கால்களுக்கு நடுவே சிக்கியிருந்த சாமையைப் பொறுக்குவதற்கே ஒரு பொழுது ஆனது. பிறகு வேலை மும்முரமாக ஓடியது. எந்தக் காலிலிருந்து எந்தக் காலுக்கு என்று அக்கா உரக்கப் படிப்பார், நான் இணைப்பேன். பலகை முழுக்கக் கம்பியாகி, கருவேலம் புதர் மாதிரி ஆகிவிட்டது. மறியல் முடிந்து பஸ் ஓடத் தொடங்கியது கூட எனக்கு இரண்டாம் நாள்தான் தெரியும்.

முதல் முறை ஓட்டிப் பார்த்தபோது மூளை எண்ண ஆரம்பித்தது, ஆனால் நிற்கவே இல்லை. குந்து என்கிற கட்டளை வந்தும் குந்தவில்லை. விளக்குகள் பேய் பிடித்த மாதிரி ஓடுகின்றன. அக்கா பலகையைத் தட்டிக்கொண்டு "குந்து, குந்து" என்கிறார். நான் அவரை விட ஜாஸ்தி சத்தமாக "குந்துன்னா குந்தேன், மூதேவி" என்கிறேன். திரும்பிப் பார்த்தால், மண்டியில் மூட்டை தூக்குகிற அண்ணன் ஒருவர் வாசற்படியில் பவ்யமாகக் குந்தியிருக்கிறார். மூட்டை இறக்க இடம் கேட்க வந்தவர், தன்னைத்தான் சொல்கிறோம் என்று நினைத்துவிட்டார். "மிஷினை விட நீங்க எவ்வளவோ மேலுங்க" என்று அக்கா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஒரு கம்பி தப்பான காலில் இருந்தது. அதை மாற்றினோம். எண்ணியது, குந்தியது, பொத்தானை அழுத்தினால் எழுந்து மறுபடி எண்ணியது. நாங்கள் செய்த மூளை, நாங்கள் வைத்த பெயர்களுக்குக் கட்டுப்பட்டு ஓடியது. அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சுற்றினார். மாமா மலைத் தேனை எங்கள் உள்ளங்கையில் ஊற்றினார். அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

யார்டில் ஓடினால்தான் ஓடினதாகக் கணக்கு. அரவை தொடங்குவதற்கு முந்தின நாள் ஆலையின் யார்டு சூபர்வைசர் வந்து பார்த்துவிட்டு, "தெனம் காலையில மொதல்லருந்து ஆரம்பிக்கணுமே, அதுக்கு ஒரு பட்டன் வெச்சிடுங்க" என்றார். அடுத்த நம்பருக்குப் பச்சைப் பொத்தான் ஏற்கெனவே இருந்தது; முதலிலிருந்து தொடங்க ஒரு சிவப்புப் பொத்தான் என்று முடிவு செய்து, அதற்கான கட்டளைகளை அக்கா உடனே காகிதத்தில் எழுதினார். அவர் பல்புப் பலகை வேலையில் இருந்ததால், அன்றைக்கு மட்டும் மாமா படிக்க, நான் இணைத்தேன். எங்கள் மிஷினில் கட்டளைகள் எல்லாம் ஒரு தனிப் பலகையில் கம்பிகளாகவே இருக்கும். துளையில் கம்பி இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சைபர். மூன்று நான்கு வரிதான், சீக்கிரம் முடிந்தது. ஓட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் கரண்ட் போய்விட்டது. காலையில் ஆலை டிராக்டர் வந்து பெட்டியை ஏற்றுகிற வரைக்கும் வரவே இல்லை.

யார்டில் திருவிழாக் கூட்டம். பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, எல்லாம் நடந்தது. முதல் வண்டிக்கு வாழைக்கன்று கட்டியிருந்தார்கள், மாடுகளுக்குச் சாமந்தி மாலை. வண்டிக்காரர் நெற்றி நிறையத் திருநீறோடு, வெள்ளை வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டின வரைக்கும் கரும்பு. சூபர்வைசர் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சிவப்புப் பொத்தானை அழுத்தினார். பிறகு பச்சை.

பல்புகள் எரிந்தன. பெரிசாக, அழகாக, யார்டு முழுவதும் தெரிகிற மாதிரி, 0.

ஒரு நிமிஷம் மாட்டு மணிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு கூட்டத்திலிருந்து யாரோ, "டேய், மொத வண்டிக்கு முட்டைடா" என்றார்.

வண்டிக்காரர் முகம் சிவந்துவிட்டது. "இன்னாங்க இது? வருசத்துக்கு மொத வண்டி. எனக்குப் போயி முட்டை காட்டறீங்க. வெள்ளாமை முட்டையா போவட்டும்னா?" என்று கீழே குதித்து, நுகத்தடியிலிருந்து மாடுகளை அவிழ்த்துவிட்டார். அவிழ்த்துவிட்டு, வண்டி நிழலில் உட்கார்ந்துகொண்டார். முட்டைக்கு வண்டி ஓட்டினால் தலைமுறைக்கும் சொல்லிக் காட்டுவார்கள் என்றார். அவர் சொன்னதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

பின்னால் இருந்த வண்டிகள் கத்தத் தொடங்கின. சூபர்வைசர் மைக்கை மூடிக்கொண்டு எங்களிடம் வந்தார். "நல்ல நேரம் முடியறதுக்குள்ள மொத வண்டி எடைக்குப் போயாவணுங்க. அதுக்குள்ள சரி பண்ணா ஆச்சு. இல்லன்னா பெட்டிய ஏத்திடுங்க, பழையபடி சீட்டு வெச்சே பாத்துக்கறோம்."

மாமா அக்காவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெங்களூர் வீட்டுக்குச் சாமான் கட்டுகிற முகம் அது.

அக்கா மட்டும் பதறவில்லை. பெட்டியைத் திறந்து, கட்டளைப் பலகையைப் பார்த்தார். "தொடக்கத்துல இன்னா போட்ட?"

"சைபர்."

"நான் ஒண்ணுன்னுதான எழுதியிருந்தேன்?"

"மாமாதான் சைபர்னு படிச்சாரு" என்றேன், கோபமாக.

"நான் எப்பம்மா சைபர்னு சொன்னேன்?" மாமாவுக்கும் கோபம் வந்துவிட்டது. "நான் லாபம்னு சொன்னேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவார்கள். மண்டியில் வளர்ந்தவர் வாய்க்கு ஒன்று என்கிற எண்ணே கிடையாது. ஒன்று என்று எழுதியிருந்ததைப் பார்த்து அவர் லாபம் என்று படித்திருக்கிறார். எனக்கும் லாபம் என்றால் முதலாவது என்று நன்றாகவே தெரியும். ஆனால் நான் அக்காவிடம் வேலை கற்றவள். அக்காவின் மிஷினில் எல்லாமே சைபரிலிருந்துதான் தொடங்கும், முதல் வரிக்கே சைபர் வரி என்றுதான் பெயர். லாபம் என்றதும், முதலாவது, அப்படியானால் சைபர் என்று என் கை தன் பாட்டுக்குத் துளையைக் காலியாக விட்டுவிட்டது.

"அவரு சரியாத்தான சொல்லிகிறாரு" என்று வண்டி நிழலிலிருந்து குரல் வந்தது. வண்டிக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "மொத எண்ணு லாபந்தானம்மா. லாபத்தப் போயி யாராச்சும் சைபர் ஆக்குவாங்களா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரைப் பார்த்து எனக்கும். மாமா மட்டும், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி நின்றார்.

"மெட்ராசுக்கு எடுத்துகினு போவணுங்களா?" என்று சூபர்வைசர் கேட்டார். வெளியிலிருந்து வாங்கிய மிஷின் எது கெட்டாலும் சென்னைக்குப் போய்த்தான் அவருக்குப் பழக்கம்.

"எதுக்குங்க?" என்றார் அக்கா. "இந்த மூளைய நாங்கதான செஞ்சோம். ஒரு கம்பி போதும்."

ஒரே ஒரு கம்பி. கரும்புக் கட்டு மேல் பலகையை வைத்து, ஈயம் உருக்குகிற சூட்டுக்கோலை ஆலை பிளக்கில் சொருகி, அந்தக் காலித் துளையில் நான் வைத்தேன். சுற்றி அத்தனை பேர் எட்டிப் பார்த்தார்கள். "தள்ளி நில்லுங்க, நெழலு வுழுது" என்று ஒரு அதட்டல் போட்டேன். பலகையைத் திரும்பப் பொருத்தி, மூடியை மூடினோம். சூபர்வைசர் சிவப்பை அழுத்தினார். பச்சையை அழுத்தினார்.

பலகையில் 1 எரிந்தது. அவர் மைக்கில் நம்பரைச் சொல்ல வாயெடுத்தவர், என்ன தோன்றியதோ, "லாபம்" என்றார்.

யார்டே சிரித்தது. வண்டிக்காரர் எழுந்து, வேட்டியைத் தட்டி, மாடுகளைப் பூட்டினார். எங்களைக் கடந்து போகும்போது ஒரு கரும்பை உருவி என்னிடம் நீட்டினார். "இந்தாம்மா, மொத லாபம் உனக்குத்தான்." வண்டி எடை மேடையில் ஏறியது. மிஷின் குந்திக் காத்திருந்தது. பச்சை, 2. பச்சை, 3. சூபர்வைசர் சொல்வதற்கு முன்னாலேயே கூட்டம் பல்பைப் பார்த்து நம்பரைக் கத்தியது. குறுக்கே ஒரு மாடு நுழையவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூட நான் நகராமல், கரும்பைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் திரும்பி வந்தோம். மண்டிக்கு வந்ததும் மாமா நேராகப் போய் பெங்களூருக்கு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு, போன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நானும் அக்காவும் கிடங்கு வாசலில் நின்றோம். மணி அடித்தது. லைன் இரைச்சலாக இருந்திருக்க வேண்டும், அவர் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"ஆமாப்பா, நான்தான். அந்த வூடு சொல்லி வெச்சியே, அது வாணாம்பா. வேற யாருக்காச்சும் வுட்டுடச் சொல்லு."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"வேற வூடெல்லாம் பாக்கலப்பா. அவளுக்கு வேல இங்க இருக்குது. இங்கதான் இருக்குது."

நாள் முழுக்கக் கலங்காமல் நின்ற அக்கா, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். மாமா போனைக் கையால் மூடிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் அந்தாண்ட போயி அழுவுங்களேன், லைன்ல ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது" என்றார்.